மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து டென்னிஸ் நடுவராவது எப்படி: விதிப்புத்தகத்திலிருந்து சர்வதேச பேட்ஜ் வரை

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டத்துக்கோ கல்முனையில் உதைபந்தாட்டத்துக்கோ நடுவர் தேவை என்றால் நாலு பேரிடம் விசாரித்தால் ஆள் கிடைத்துவிடும். டென்னிஸுக்கு அப்படி இல்லை. ஆடுகிறவர்களும் குறைவு, கோர்ட்டும் குறைவு, அதனால் டென்னிஸ் நடுவராகலாம் என்ற எண்ணமே இங்கே பலருக்கு வருவதில்லை. வரவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சிறுவயதில் ராக்கெட் பிடிக்காதவர், ஆட்டத்தில் பெரிதாகச் சாதிக்காதவர், எந்தக் கழகத்திலும் உறுப்பினராக இல்லாதவர், இப்படிப்பட்ட ஒருவர்கூட உழைத்தால் இந்த விளையாட்டுக்குள் மதிப்போடு நிற்கக்கூடிய இடம் நடுவர் வேலை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "முதலில் கோடு பார்க்கும் லைன் அம்பயராகுங்கள், பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறுங்கள்" என்ற அறிவுரையை நீங்கள் எங்காவது வாசித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அது சரியான வழி. இன்று அந்தப் படிக்கட்டின் மேற்பகுதியே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. கிழக்கிலிருந்து தொடங்குகிற ஒருவர் இனிச் சின்னப் போட்டிகளை நடத்துவதிலிருந்தும் பல கோர்ட்டுகளைச் சுற்றிப் பார்ப்பதிலிருந்தும்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

யார் எந்த வேலை செய்கிறார்

தொலைக்காட்சியில் உயரமான நாற்காலியில் தெரிகிறவர் சேர் அம்பயர். கோடுகளுக்கு நேரே நின்று "அவுட்" என்று கத்துகிறவர்கள் லைன் அம்பயர்கள். யார் எந்த ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறவர் சீஃப் அம்பயர். இவர்கள் எல்லோருக்கும் மேலே, பெரும்பாலும் கமராவில் படாமல் இருப்பவர் ரெஃப்ரி. முழுப் போட்டியும் அவர் பொறுப்பு: யார் யாரோடு ஆடுவது என்ற குலுக்கல், ஆட்ட நேர அட்டவணை, மழை வந்தால் என்ன செய்வது, பந்து, கோர்ட்டின் நிலை எல்லாம்.

இதில் புதியவர்கள் எல்லோரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு, பரீட்சையிலும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். நடந்தது என்ன என்பதில் கடைசி வார்த்தை சேர் அம்பயருடையது. விதி என்ன சொல்கிறது என்பதில் கடைசி வார்த்தை ரெஃப்ரியுடையது. பந்து கோட்டில் பட்டதா, இரண்டு முறை குதித்ததா, ஆடுபவரின் உடம்பு வலையில் பட்டதா, இவை நடந்த விஷயங்கள். சேர் அம்பயர் சொன்னால் சொன்னதுதான், ரெஃப்ரி வந்து மாற்ற முடியாது. ஆனால் சேர் அம்பயர் "வலையில் பட்டாலும் பரவாயில்லை, புள்ளி உங்களுக்குத்தான்" என்று தீர்ப்புச் சொன்னால் அது விதியைத் தவறாகப் பிரயோகிப்பது, ஆடுபவர் ரெஃப்ரியைக் கூப்பிடலாம். 2020 அமெரிக்க ஓப்பனில் ஜோகோவிச் ஆத்திரத்தில் அடித்த பந்து ஒரு லைன் அம்பயரின் தொண்டையில் பட்டதும் ஜோகோவிச் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டாரே, அப்போது ஏன் சேர் அம்பயர் தானே முடிவைச் சொல்லாமல் மேலே இருந்தவர்கள் கோர்ட்டுக்குள் இறங்கி வந்தார்கள் என்று பலர் கேட்டார்கள். ஒருவரை ஆட்டத்திலிருந்து நீக்குவது ரெஃப்ரி மட்டத்தில் எடுக்கவேண்டிய முடிவு, அதுதான் விடை.

கோட்டு வேலை ஏன் சுருங்குகிறது

கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில், பந்து விழுந்த இடத்தைக் கமராக்களால் காட்டும் ஹாக்-ஐயிடம் ஆடுபவர் முறையிடுவது முதலில் வந்தது 2006 அமெரிக்க ஓப்பனில். அப்போது இயந்திரம் மனிதரின் தீர்ப்பைச் சரிபார்க்கத்தான் இருந்தது. 2020 இல் கொரோனாக் காலத்தில் அதே அமெரிக்க ஓப்பன் பெரும்பாலான கோர்ட்டுகளில் லைன் அம்பயர்களையே எடுத்துவிட்டு இயந்திரக் குரலை வைத்தது, 2021 அவுஸ்திரேலிய ஓப்பன் எல்லாக் கோர்ட்டிலும் அப்படிச் செய்தது, 2025 இல் ஆண்களின் தொழில்முறைச் சுற்றான ஏ.டி.பி முழுவதும் மாறியது, அதே ஆண்டு 1877 இல் தொடங்கிய விம்பிள்டனும் லைன் அம்பயர்களுக்கு விடைகொடுத்தது. பிரெஞ்சு ஓப்பன் மட்டும் களிமண்ணில் மனிதர்களை வைத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். 2025 விம்பிள்டனில் பாவ்லியுசென்கோவாவும் சோனே கார்ட்டலும் ஆடிய ஆட்டத்தில் கோர்ட்டின் ஒரு பகுதியில் அந்த இயந்திரம் தவறுதலாக அணைக்கப்பட்டிருந்தது. வெளியே போன பந்துக்குக் குரல் வரவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, விசாரித்து, புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னவர் நாற்காலியில் இருந்த மனிதர்தான். அந்தத் தீர்ப்பு சரியா என்று பெரிய வாதமே நடந்தது. கருவி எவ்வளவு வந்தாலும் பொறுப்பைத் தலையில் தாங்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் விதியையும் நடைமுறையையும் மனப்பாடமாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இயந்திரம் வைக்கக் காசில்லாத சின்னப் போட்டிகளில் இன்னும் நெடுநாளைக்கு எல்லா வேலையும் மனிதர்தான் செய்யப்போகிறார்.

முதல் வேலை: விதிப்புத்தகம்

சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் (2026 முதல் 'வேர்ல்ட் டென்னிஸ்' என்று பெயர்) இணையத்தளத்தில் டென்னிஸ் விதிகள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பள்ளிக்கொப்பியை விட மெல்லியது. அதோடு நடுவர்களின் கடமைகளும் நடைமுறைகளும் என்ற இன்னொரு ஆவணமும் உண்டு, இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். அந்தந்த ஆண்டின் பதிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் விதிகள் மாறுகின்றன. உதாரணமாக, கோர்ட்டுக்கு வெளியே இருந்து பயிற்றுநர் ஆலோசனை சொல்வதற்கு 2025 ஜனவரி முதல் விதிகள் இடம் கொடுக்கின்றன, ஆனால் போட்டியை நடத்துபவர்கள் அதை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். பழைய புத்தகத்தை வைத்துப் படித்தவர் அங்கே வழுக்கி விழுவார்.

ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். தமிழ் மூலம் படித்த உயர்தரப் பிள்ளை ஒருவர் அகராதியோடு உட்கார்ந்தால் விளங்கிக்கொள்ளக்கூடிய ஆங்கிலம்தான். நான் சொல்லும் முறை இது: ஒரு விதியை வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், அதைத் தமிழில் உங்கள் தம்பிக்கோ தங்கச்சிக்கோ சொல்லுங்கள். அவர் "அப்ப இப்படி நடந்தா?" என்று ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் தேடுங்கள். விதிகளின் கீழே இருக்கும் 'கேஸ்' கேள்வி பதில்கள் அப்படியான கேள்விகள்தான், பலர் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள், பரீட்சையோ அங்கேயிருந்துதான் வரும்.

அளவுகள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். நீளம் 23.77 மீற்றர். அகலம் ஒற்றையருக்கு 8.23, இரட்டையருக்கு 10.97. வலையிலிருந்து சேர்விஸ் கோடு 6.40 மீற்றர். வலை நடுவில் 0.914 மீற்றர், கம்பத்தில் 1.07 மீற்றர். இரட்டையர் வலையில் ஒற்றையர் ஆட்டம் நடந்தால் ஒற்றையர் கோட்டுக்கு வெளியே 0.914 மீற்றரில் முட்டுக்கம்பு வைக்க வேண்டும். இங்கே சில இடங்களில் அந்தக் கம்பே இருக்காது, ஒரு தச்சரிடம் அளவு கொடுத்து இரண்டு மரக்கம்பு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நடு உயரத்தை அளக்க நாடா இல்லாவிட்டால் சாதாரண 27 அங்குல ராக்கெட்டை நிமிர்த்தி வைத்து அதன் மேல் இன்னொரு ராக்கெட்டின் தலையைக் குறுக்காக வையுங்கள், ஏறக்குறைய 36 அங்குலம் வந்துவிடும்.

சின்னப் போட்டி ஒன்றை நடத்துங்கள்

யாராவது உங்களைக் கூப்பிடும்வரை காத்திருந்தால் இங்கே வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியரிடம், பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம், கோர்ட் உள்ள கழகத்தின் செயலாளரிடம் போய், "ஒரு நாள் போட்டி வைக்கிறோம், நடுவர் வேலை முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழக மாணவர் என்றால் உடற்கல்விப் பிரிவில் கேட்பது இன்னும் சுலபம். எங்களிடம் ஆள் இல்லையே என்று ஏங்குகிற ஒழுங்கமைப்பாளருக்கு இப்படி வருகிறவர் வரப்பிரசாதம்.

ரெஃப்ரி வேலையின் பாதி குலுக்கலில் இருக்கிறது. 11 பேர் பெயர் கொடுத்தால் 16 பேர் அட்டவணை போட வேண்டும், 5 பேருக்கு முதல் சுற்று ஆட்டமின்றி 'பை' கிடைக்கும். முதல் தரவரிசைக்காரர் முதலாவது வரியில், இரண்டாமவர் 16 ஆம் வரியில், மூன்றும் நாலும் 5 ஆம் 12 ஆம் வரிகளில் குலுக்கி வைக்கப்படுவார்கள், பைகள் முதலில் தரவரிசைக்காரர்களுக்குப் போகும். இதை ஆடுபவர்கள் முன்னால் செய்யுங்கள். எங்கள் ஊர்களில் "அவனுக்கு மட்டும் லேசான ஆளைப் போட்டுக்கொடுத்தார்கள்" என்ற கதை ஒருமுறை கிளம்பினால் போட்டி முடிந்த பின்பும் நிற்காது. தொப்பிக்குள் சீட்டைப் போட்டு, கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னால் அந்தக் கதைக்கே இடமிருக்காது.

ஆட்ட வடிவத்தை முன்கூட்டியே எழுத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரே கோர்ட்டில் ஒரு நாளில் முடிக்க வேண்டுமென்றால் மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளி டை-பிரேக் (செட்டைத் தீர்க்கும் குறுகிய புள்ளி ஆட்டம்), டியூஸில், அதாவது 40-40 இல், ஒரே புள்ளி என்ற முறை உதவும். அந்த ஒரே புள்ளியில் சேர்விஸை எந்தப் பக்கத்திலிருந்து வாங்குவது என்பதைத் திருப்பி அடிப்பவர்தான் தெரிவுசெய்வார். வெயிலையும் கணக்கில் எடுங்கள். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் நடுப்பகலில் ஆட்டம் வைப்பது பிள்ளைகளுக்கு ஆபத்து, காலை ஆறரைக்குத் தொடங்கி பதினொரு மணிக்கு நிறுத்தி, மூன்றரைக்குப் பிறகு மீண்டும் தொடங்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம், அப்போது திகதி குறிப்பதையே தவிர்க்கலாம்.

நாற்காலி இல்லாத ஆட்டங்களைச் சுற்றிப் பார்ப்பது

இதுதான் நான் மேலே சொன்ன முதல் படி. சின்னப் போட்டிகளில் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் சேர் அம்பயர் இருக்கமாட்டார், ஆடுபவர்களே தங்கள் பக்கக் கோடுகளைச் சொல்லிக்கொள்வார்கள், ஒரு நடுவர் பல கோர்ட்டுகளைச் சுற்றி வருவார். உலகில் நடக்கும் டென்னிஸில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. இந்த வேலையில் கிடைக்கிற படிப்பு வேறெங்கும் கிடைக்காது, ஏனென்றால் சண்டை எல்லாம் உங்களிடம்தான் வரும்.

விதி எளிமையானது. வலையின் தன் பக்கத்தில் விழும் பந்துக்கு அவரவர் பொறுப்பு. "அவுட்" என்பதைப் பந்து விழுந்தவுடன் எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் பந்து நல்லது, பலன் எதிராளிக்கு. தவறாக அவுட் சொல்லிவிட்டு "இல்லை, உள்ளேதான்" என்று ஒப்புக்கொண்டால் முதல் தடவை புள்ளியைத் திரும்ப ஆடலாம். ஆனால் அது எதிராளியின் வெற்றி அடியாக இருந்தாலோ, அவர் ஏற்கெனவே அப்படி ஒருமுறை சொல்லியிருந்தாலோ புள்ளி போய்விடும். நீங்கள் கோர்ட்டுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்கூடாகத் தவறான அழைப்பு வந்தால் முதல் தடவை தற்செயலான இடையூறாக எடுத்துப் புள்ளியைத் திரும்ப ஆடவைக்கலாம், இனி இப்படி நடந்தால் புள்ளி போகும் என்றும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சேர்விஸ் போடும்போது கோட்டை மிதிக்கும் கால் தவறை ஆடுபவர் எதிராளிக்குச் சொல்ல முடியாது, கோர்ட்டுக்குள் நிற்கும் நடுவர்தான் சொல்லலாம்.

அடிக்கடி வரும் சண்டை ஸ்கோர் பற்றியது. ஒருவர் 40-15 என்கிறார், மற்றவர் 30-30 என்கிறார். நீங்கள் பார்க்கவில்லை. என்ன செய்வது? இரண்டு பேரையும் வலைக்குக் கூப்பிட்டு, அந்த கேமின் புள்ளிகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். இருவரும் ஒத்துக்கொள்ளும் புள்ளிகள் எல்லாம் நிற்கும், தகராறான புள்ளி மட்டும் விடப்படும். இந்த உதாரணத்தில் ஒரு புள்ளிதான் தகராறு என்றால் ஆட்டம் 30-15 இலிருந்து தொடரும். இரண்டு பேருக்கும் முழுத் திருப்தி இராது, ஆனால் இருவருமே விளங்கிக்கொள்வார்கள். சேர்விஸ் போடுகிறவர் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னர் ஸ்கோரை உரக்கச் சொல்ல வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்னரே அழுத்திச் சொன்னால் இந்தச் சண்டையில் முக்கால்வாசி வராது.

நாற்காலியில் ஏறும்போது

உயரம் 1.82 முதல் 2.44 மீற்றர் வரை, வலைக்கு நேரே, கம்பத்திலிருந்து ஏறக்குறைய 0.9 மீற்றர் தள்ளி, இதுதான் நாற்காலிக்கான இடம். இங்கே பல இடங்களில் அது கிடையாது, கரப்பந்தாட்ட நடுவரின் ஏணி இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள், பலமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆட்டத்துக்கு முன் இருவரையும் வலைக்குக் கூப்பிட்டு நாணயம் சுண்டுவீர்கள். வென்றவருக்கு மூன்று தெரிவு: சேர்விஸ் போடுவதா வாங்குவதா என்று தெரிவுசெய்யலாம், அல்லது பக்கத்தைத் தெரிவுசெய்யலாம், அல்லது தெரிவை எதிராளியிடமே விடலாம். இந்த நேரத்தில் இன்னொன்றும் கேளுங்கள்: "உங்களை எந்தப் பெயரால் அழைக்கட்டும்?" எங்கள் பக்கப் பிள்ளைகள் தந்தையின் பெயரின் முதலெழுத்தைப் போட்டுத் தங்கள் பெயரை எழுதுவார்கள், முஸ்லிம் பிள்ளைகளின் பெயர்கள் நீண்டவை, கொழும்பிலிருந்து வருகிற சிங்களப் பிள்ளைகளுக்கோ வாசகம (குடும்பப் பெயர்) வேறு பெயர் வேறு. நூறு பேர் முன்னால் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிடும்.

பிறகு நேரம். உடம்பைச் சூடாக்க அதிகம் 5 நிமிடம். புள்ளிகளுக்கு இடையே 25 விநாடி. பக்கம் மாறும்போது 90, செட் முடிந்தால் 120 விநாடி. ஒவ்வொரு செட்டிலும் முதல் கேமுக்குப் பிறகும் டை-பிரேக்கின் நடுவிலும் பக்கம் மாறுவார்கள், ஆனால் உட்கார முடியாது. பந்து மாற்றுவது 7, 9 என்றால் முதல் மாற்றம் 7 கேமுக்குப் பிறகு, அடுத்தவை 9 கேமுக்கு ஒருமுறை; ஆட்டத்துக்கு முன்னைய பயிற்சி அடியை இரண்டு கேமாகக் கணக்கிடுவதால்தான் முதல் தடவை குறைகிறது.

ஸ்கோர் அட்டையைப் பென்சிலால் எழுதுங்கள், இரண்டு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். வென்ற புள்ளிக்கு ஒரு சாய்கோடு, ஏஸ் (எதிராளி தொடாத சேர்விஸ்) என்றால் 'ஏ', இரட்டைத் தவறு என்றால் 'டி', முதல் சேர்விஸ் தவறினால் சேர்விஸ் போடுகிறவரின் கட்டத்தின் கீழே ஒரு புள்ளி. அந்தச் சின்னப் புள்ளியின் அருமை நாய் கோர்ட்டுக்குள் ஓடி வந்து எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகுதான் தெரியும்: "முதல் சேர்விஸா, இரண்டாவதா?" என்று எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் யூடியூபில் பழைய ஆட்டம் ஒன்றைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டு, நீங்களே உரக்க ஸ்கோர் சொல்லி அட்டை எழுதிப் பழகலாம். முடிவில் சத்தத்தைத் திறந்து சரிபாருங்கள். இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது, அதற்குக் கோர்ட்டும் தேவையில்லை, காசும் தேவையில்லை.

குரல் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். கத்துவது இல்லை. வழமையான வேகத்தில், வயிற்றிலிருந்து, கடைசி எழுத்து விழுங்கப்படாமல் வர வேண்டும். சேர்விஸ் போடுகிறவரின் ஸ்கோர் முதலில் வரும். டை-பிரேக்கில் மட்டும் முன்னணியில் இருப்பவரின் எண்ணை முதலில் சொல்லி அவருடைய பெயரைச் சேர்க்க வேண்டும். புள்ளி முடிந்ததும் உங்கள் கண் தோற்றவர் மேல் போகட்டும், பிரச்சினை வருமென்றால் அங்கேயிருந்துதான் வரும். 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் மூன்று நாட்களாக 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள், கடைசி செட் 70-68. கோர்ட்டின் ஸ்கோர்போர்டே 47-47 இல் நின்றுபோனது, ஆனால் நாற்காலியில் இருந்த முகமது லஹ்யானியின் எண்ணிக்கை நிற்கவில்லை. பயிற்சி என்பது அப்படி உடம்பில் ஊற வேண்டும்.

லைன் அம்பயர் இருந்தால் அவருடைய அழைப்பைத் தெளிவான தவறு என்று கண்டால் மட்டும் மாற்றலாம், அதையும் அந்தக் கணமே செய்ய வேண்டும். ஆடுபவர் வந்து வாதாடிய பிறகு மாற்றினால் அது தீர்ப்பே இல்லை. பந்துத் தடத்தை இறங்கிப் பார்ப்பது களிமண் கோர்ட்டில் மட்டும்தான். கொழும்பில் களிமண் கோர்ட்டுகள் உண்டு, சீமெந்தில் மட்டும் பழகிப் போகிறவருக்கு அது புது உலகம், ஆகவே அங்கே போகும்போது எந்தத் தடம் எந்த அடியுடையது என்று கண்ணை விடாமல் பார்த்துப் பழகுங்கள்.

ஒழுக்க மீறல்களுக்கு வரிசை உண்டு: முதலில் எச்சரிக்கை, இரண்டாவது புள்ளி இழப்பு, அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு கேம் இழப்பு, அந்தக் கட்டத்தில் நீக்குவதா என்று ரெஃப்ரி முடிவெடுப்பார். மோசமான ஒரே செயலுக்கு நேராகவே நீக்கவும் முடியும். நேர மீறல் தனிக் கணக்கு: முதல் தடவை எச்சரிக்கை, பிறகு சேர்விஸ் போடுபவர் ஒரு சேர்விஸை இழப்பார், வாங்குபவர் ஒரு புள்ளியை இழப்பார். கெட்ட வார்த்தை எந்த மொழியில் வந்தாலும் மீறல்தான். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் காதில் ஏறுகிற நடுவருக்கு இந்த நாட்டில் தனி மதிப்பு இருக்கும், சிங்களம் தெரியாவிட்டால் இப்போதே படிக்கத் தொடங்குங்கள், கொழும்புப் போட்டிகளில் நாள் முழுக்க அது தேவைப்படும்.

சான்றிதழ் ஏணி

தேசிய மட்டத்தில் தொடங்கும் இடம் கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் உள்ள இலங்கை டென்னிஸ் சங்கம். நடுவர் பயிலரங்கு எப்போது வைக்கிறார்கள் என்று கேட்டு உங்கள் விவரத்தைக் கொடுத்து வையுங்கள். நீங்கள் நடத்திய சின்னப் போட்டிகளின் விவரத்தையும் இணைத்தால் "ஆர்வம் உண்டு" என்று மட்டும் எழுதுகிற கடிதத்தைவிட அதற்கு மதிப்புக் கிடைக்கும். கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கண்ணாடியோடோ இல்லாமலோ பார்வை முழுமையாக இருக்க வேண்டும், செவியும் சீராக இருக்க வேண்டும்.

அதற்கு மேலே சர்வதேசப் பேட்ஜுகள். வெள்ளை பேட்ஜ்தான் அந்த உலகத்தின் வாசல். அதற்குத் தேசியச் சங்கத்தின் ஆதரவோடு போக வேண்டும், ஆங்கிலத்தில் பரீட்சை எழுதிப் பேசிக் காட்ட வேண்டும். அங்கிருந்து சேர் அம்பயர்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம். ரெஃப்ரிக்கும் சீஃப் அம்பயருக்கும் வெண்கலம் இல்லை, வெள்ளையிலிருந்து வெள்ளி, பிறகு தங்கம். வெண்கலத்துக்கு எழுத்து, வாய்மொழி, செய்முறை என மூன்றிலும் தேற வேண்டும். தங்க பேட்ஜ் வைத்திருப்பவர்கள் உலகம் முழுவதிலும் சொற்பம், அங்கே போய்ச் சேர வருடங்கள் ஆகும், ஆண்டுதோறும் மதிப்பீடும் தொடரும்.

கிழக்கிலிருந்து போகிறவர் ரெஃப்ரி பாதையைத் தீவிரமாக யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சேர் அம்பயராக மேலே போக ஓயாமல் பெரிய ஆட்டங்கள் கிடைக்க வேண்டும், அவை கொழும்பிலும் வெளிநாட்டிலும்தான் நடக்கின்றன. ரெஃப்ரிக்குத் தேவையான அட்டவணை, குலுக்கல், கடிதப் போக்குவரத்து, மனிதரைச் சமாளிப்பது எல்லாம் இங்கேயே பழகலாம். ஆசிரியராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருப்பவர்களுக்கு இந்த வேலை கைவந்ததாகவும் இருக்கும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் இறுதியாட்டத்துக்கு முதன்முதலில் நாற்காலியில் ஏறிய பெண் சாண்ட்ரா டி ஜென்கன், 2007 அவுஸ்திரேலிய ஓப்பனில். விம்பிள்டன் ஆண்கள் இறுதிக்கு 2021 இல் மரியா சிசாக் ஏறினார். இந்தத் துறையில் பெண்களுக்கு மேலே வழி திறந்திருக்கிறது, மட்டக்களப்பிலோ சம்மாந்துறையிலோ உடற்கல்வி படிக்கும் ஒரு பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் வீட்டார் கொழும்புப் பயணத்துக்குத் துணை போக வேண்டியதுதான் பாக்கி.

காசு, பயணம், வேலை

மறைக்காமல் சொல்கிறேன், முதல் சில வருடங்களில் இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. உள்ளூர்ப் போட்டியில் சாப்பாடும் ஒரு சின்னத் தொகையும் கிடைக்கலாம், தேசியப் போட்டிகளில் நாட்கூலி போல. மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலிலோ, கல்முனை அக்கரைப்பற்றிலிருந்து இரவு பஸ்ஸிலோ கொழும்பு போய், காலையில் முகம் கழுவிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிற வாழ்க்கை அது. தங்க உறவினர் வீடு இருந்தால் பெரிய உதவி. அதனால் கையில் இருக்கிற வேலையை விடவேண்டாம். பாடசாலை விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் கனிஷ்ட போட்டிகள் வருவதால் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். சர்வதேசக் கனிஷ்ட போட்டிகளும் நாடுகள் மோதும் டேவிஸ் கிண்ண ஆட்டங்களும் கொழும்பில் நடந்திருக்கின்றன, அப்படி ஒன்று வரும்போது கிடைக்கும் எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளுங்கள், பந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளை மேய்ப்பதாக இருந்தாலும் சரி. வெளிநாட்டு ரெஃப்ரி எப்படிப் பேசுகிறார், எப்படி நடக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு அது.

உறவும் பந்தயமும்

எங்கள் ஊர்களில் யாரும் யாருக்கும் ஏதோ ஒரு முறை ஆவார்கள். மருமகன் ஆடுகிறான், எதிரே பக்கத்து வீட்டுப் பிள்ளை, நாற்காலியில் மாமா. இது நடக்கவே கூடாது. எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் முதல் நெருக்கமான பந்திலேயே நம்பிக்கை போய்விடும். போட்டிக்கு முன்னரே ரெஃப்ரியிடம் "இவர் எனக்கு உறவு, வேறு ஆட்டம் தாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நீங்களே ரெஃப்ரி என்றால் அந்த ஆட்டத்தின் தீர்ப்புகளை இன்னொருவரிடம் கொடுங்கள். கோர்ட்டுக்குள் "மச்சான்" இல்லை, வெளியே வந்த பிறகு எவ்வளவும் பேசலாம். பயிற்றுநர் தரும் சாப்பாட்டுப் பொதியை ஆட்டத்துக்கு முன் வாங்க வேண்டாம், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

பந்தயம் இதைவிடப் பெரியது. சர்வதேசச் சின்னப் போட்டிகளில்கூட சேர் அம்பயர் கைக்கருவியில் அழுத்தும் ஸ்கோர் அப்படியே உலகின் பந்தய நிறுவனங்களுக்குப் போகிறது. அதைச் சில விநாடி தாமதித்து அழுத்தும்படி நடுவர்களுக்குக் காசு கொடுத்த சம்பவங்கள் நடந்து, நடுவர்கள் வாழ்நாள் தடை பெற்றிருக்கிறார்கள். 2021 முதல் சர்வதேச டென்னிஸ் நேர்மை முகவரகம் இவற்றை விசாரிக்கிறது. நடுவர் டென்னிஸில் பந்தயம் கட்ட முடியாது, கட்டுகிறவர்களுக்குத் தகவல் கொடுக்க முடியாது, யாராவது அணுகினால் உடனே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் இருப்பதே குற்றம். முகநூலில் முன்பின் தெரியாத ஒருவர் "நாளை எந்தக் கோர்ட்டில் இருக்கிறீர்கள் அண்ணா?" என்று அன்பாகக் கேட்டால்கூட பதில் சொல்லாமல் ரெஃப்ரியிடம் காட்டுங்கள்.

பதிவுக் கொப்பி

முதல் போட்டியிலிருந்தே ஒரு கொப்பி வையுங்கள். திகதி, இடம், போட்டி, என்ன வேலை, எத்தனை ஆட்டம், ரெஃப்ரி யார், என்ன தகராறு வந்தது, எந்த விதியின் கீழ் தீர்த்தீர்கள். ஒவ்வொரு போட்டி முடிவிலும் ரெஃப்ரியிடம் போய் "நான் திருத்த வேண்டியது என்ன?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி, முடிந்தால் கையொப்பமும் வாங்குங்கள். வெள்ளை பேட்ஜ் வகுப்புக்கு உங்களை அனுப்பலாமா என்று கொழும்பில் யோசிக்கிறவர்களுக்கு மட்டக்களப்பில் நீங்கள் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கொப்பியைத்தான் அவர்கள் முன் வைக்க முடியும். ஸ்கான் பண்ணி ஒரு பிரதியை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துவிடுங்கள், மழைக்கு நனைந்தாலும் தொலையாது.